ஆளுக்குப் பாதி

— ரெங்கசாமி அண்ணன் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டுட்டாங்க கௌஸ் பாய். பாத்தீங்களா?

— பாக்கக் கூடாதுன்னுதான் திருச்செல்வம் தம்பி, நான் செவுத்தப் பாத்துப் படுத்திருக்கேன்.

— தலகாணி உறைகூட புதுசு. திரும்பி வர்ற ஆளுக்கு இப்படியா மாத்துவாங்க?

— அவ்வளவு ரத்தமா வாந்தி எடுத்திருக்காரு. மாத்தாம அப்படியேவா விடுவாங்க? நீங்க ஒண்ணொண்ணுக்கும் அர்த்தம் தேடாதீங்க.

— காலையில எனக்கு பிஸ்கட் குடுத்தாரு பாய். 'நான் நாளைக்கு வீட்டுக்குப் போயிடுவேன், இத நீ வெச்சுக்க'ன்னாரு. கை நடுங்கல, மூச்சு வாங்கல, ஒண்ணுமில்ல. நான் பாக்கெட்டப் பிரிச்சு முடிக்கல, அதுக்குள்ள…

— போதும். நானும் இங்கதான் இருந்தேன்.

— எனக்கு ஒண்ணு மட்டும் தெரிஞ்சா போதும் லா. அவருக்கு எதுல மருந்து இருந்துச்சு? மெஷின்லயா, மாத்திரையிலயா?

— அது யாருக்கும் தெரியாது. அதானே இந்த வேலையோட அழகே.

— அழகா? உங்க வாயில மட்டும்தான் பாய் இந்த வார்த்த வரும். துணிக்கடைக்காரரு இல்லையா, எதப் பாத்தாலும் அழகா இருக்கும்.

— மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுல நின்னு பாருங்க, அழகுன்னு சொல்லாம ஒரு முழம் விக்காது.

— டாக்டர் பிரவின் அன்னைக்கு வெவரம் சொன்னப்ப எனக்கு மயக்கம் சரியாத் தெளியல. கேமரா குழாய வயித்துக்குள்ள விட்டு எடுத்திருந்தாங்க. தொண்ட வலியில பாதி காதுல ஏறல. நீங்க இன்னொரு தரம் சொல்லுங்க.

— எத்தனை தரம் தம்பி?

— கேட்டா மனசு கொஞ்சம் அடங்குது பாய்.

— சரி, கேளுங்க. நம்ம மூணு பேருக்கும் வயித்துல புண்ணு. புண்ணுலேர்ந்து ரத்தம் கசிஞ்சுச்சு. குழாய் விட்டு அந்த எடத்த அடைச்சுட்டாங்க. அது ஆறுற வரைக்கும் வயித்துல ஆசிட் கொறைவா இருக்கணும். இல்லாட்டி அடைச்சது பிச்சுக்கும். வெளங்குதா?

— வெளங்குது. ரெங்கசாமி அண்ணனுக்குப் பிச்சுக்கிச்சு.

— ஆசிட்டக் கொறைக்க ஒரு மருந்து இருக்கு. அத மெஷின் வெச்சு நாள் முழுக்க நரம்புல ஏத்துறது ஒரு வழி. மாத்திரையா முழுங்கக் குடுக்குறது இன்னொரு வழி. ரெண்டுமே வேலை செய்யுற வழிதான்னு டாக்டர் சொன்னாரு. எது இன்னும் நல்லா வேலை செய்யுதுன்னு ஒப்பிட்டுப் பாக்குறாங்க.

— அப்படின்னா உங்களுக்கு மெஷினக் குடுத்துட்டு எனக்கு மாத்திரையக் குடுக்க வேண்டியதுதானே? எதுக்கு ரெண்டு பேருக்கும் ரெண்டு?

— யாருக்கு எதுன்னு தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாஞ்சுடுமாம். டாக்டர் மனசும் சாயும், நம்ம மனசும் சாயும். அதனால கம்ப்யூட்டர் பிரிச்சு வெச்சிருக்கு. எல்லாருக்கும் மெஷினும் உண்டு, மாத்திரையும் உண்டு. ஒருத்தருக்கு மெஷின்ல மருந்து, மாத்திரை வெறும் மாவு. இன்னொருத்தருக்கு மாத்திரையில மருந்து, மெஷின்ல வெறும் உப்புத் தண்ணி.

— நாமளும் சரின்னு தலையாட்டினோம்.

— பின்னால வர்றவங்களுக்கு ஒபயோகமா இருக்கும்னு ஆட்டினோம். இப்பவும் அது நல்ல காரியம்தான்.

— நல்ல காரியம்தான். இல்லங்கல. ஆனா என் நெலமையப் பாருங்க பாய். ரெண்டு டேங்க் வெச்ச லோரி. ஒண்ணுல டீசல், ஒண்ணுல தண்ணி. மீட்டர் வேலை செய்யல. ஏறி ஓட்டுன்னா எப்படி ஓட்டுறது? வடக்குத் துறைமுக கேட்டத் தாண்டுறதுக்குள்ள பாதி வழியில நின்னு போச்சுன்னா?

— எது நிக்கப் போவுது? உங்க மெஷின் பச்ச வெளக்கு எரியுது, என் மெஷினும் எரியுது.

— ரெங்கசாமி அண்ணன் மெஷினும் எரிஞ்சுச்சு.

— அல்லாவே. இந்த ஆளப் பக்கத்துக் கட்டில்ல போட்டது யாரு?

— பாய், ஒண்ணு கேக்கட்டா, சிரிக்கக் கூடாது. உங்க மாத்திரை எப்படி ருசிச்சுச்சு?

— சிரிக்கல. நானும் நேத்து நாக்குல வெச்சுப் பாத்தேன். பிளாஸ்டிக் மாதிரி வழுவழுன்னு இருந்துச்சு. ருசியே இல்ல.

— என்னோடதும் அப்படித்தான். மஞ்சளு, முட்ட மாதிரி, மேல பளபளன்னு.

— அச்சு அசலா ஒண்ணாத்தான் செஞ்சிருப்பாங்க. இல்லாட்டி நம்மள மாதிரி ஆளுங்க கண்டுபிடிச்சுடுவாங்களே.

— எனக்குத் தூங்கவே முடியல. கண்ண மூடினா அந்த மெஷின் சத்தம் கேக்குது. டிக் டிக்னு ஏத்துது. என்னாத்த ஏத்துது, மருந்தா தண்ணியா? நான் அதுக்கிட்டயே கேட்டுட்டேன் பாய். 'நீ யாரு'ன்னு கேட்டேன்.

— என்னா சொல்லுச்சு?

— டிக் டிக்னுச்சு.

— நானும் தூங்கல தம்பி. மக கலியாணப் பேச்சுக்குன்னு கிள்ளானுக்கு மாப்பிள்ள வீட்டுக்கு வந்தவன். பேச்சு முடியறதுக்குள்ள அவங்க வீட்டு பாத்ரூம்ல விழுந்து கெடந்தேன். மாப்பிள்ள வீட்டுக்காரங்கதான் தூக்கிட்டு வந்தாங்க. மௌத்தாப் போறதா இருந்தா அன்னைக்கே போயிருக்கலாம். இங்க படுத்துக்கிட்டு அடுத்த கட்டில எண்ணிக்கிட்டுக் கெடக்குறதுதான் கஷ்டமா இருக்கு.

— அப்ப உங்களுக்கும் பயம்தான்.

— பயம் இல்லன்னு எப்பச் சொன்னேன்? உங்கள மாதிரி சத்தமா பயப்படல, அவ்வளவுதான்.

— உங்க வீட்டம்மா மஹ்ஜபீன் அக்கா வந்தா மட்டும் நல்லா கத பேசுறீங்க.

— உங்க வீட்டுக்காரி மலர் வந்தா நீங்க மட்டும் என்னவாம்? நேத்து எந்திரிச்சு நின்னு ஆடிக் காட்டாத கொற. அந்தப் புள்ள பாவம், போர்ட் கிள்ளான்லேர்ந்து கொமுட்டர் ரயிலு புடிச்சு வருது, நீங்க நல்லா இருக்கீங்கன்னு நம்பிக்கிட்டுத் திரும்பிப் போவுது.

— அவ நம்பணும் பாய். அவ மூஞ்சி கொஞ்சம் சுருங்கினாலும் நான் செத்துடுவேன். புண்ணு தேவையில்ல.

— சரி, அழாதீங்க. நர்ஸ் மிஸ்ஸி வந்துடும்.

— பாய், சாமான் எறக்குறப்ப நீங்க எப்படிச் செய்வீங்க? பெருநாள் சரக்கு, கப்பல்ல வருதுல்ல, மொத்தத்தையும் ஒரே கண்டெய்னர்லயா போடுவீங்க?

— எவன் போடுவான்? ரெண்டாப் பிரிச்சுத்தான் போடுவேன். பக்கத்துக் கடைக்காரனும் பிரிப்பான். அவன் சரக்குல பாதி என் கண்டெய்னர்ல வரும், என் சரக்குல பாதி அவன் கண்டெய்னர்ல வரும். ஒண்ணு நனைஞ்சு போனாலும் ரெண்டு பேரும் பெருநாளைக்குக் கடையத் தொறந்துடலாம்.

— அதத்தான் கேக்குறேன்.

— எதத்தான்?

— மாத்திரையப் பிரிப்போம். உங்க மாத்திரையில பாதி எனக்கு. என் மாத்திரையில பாதி உங்களுக்கு.

— தம்பி, இது துணி இல்ல.

— கேளுங்க பாய், நான் காலையிலேர்ந்து யோசிச்சு வெச்சிருக்கேன். ரெங்கசாமி அண்ணனுக்கு மெஷின்லதான் மருந்து இருந்துச்சுன்னு வெச்சுக்குவோம். அப்படின்னா மெஷின் சரியில்ல. மெஷின்காரனுக்குக் கொஞ்சமாச்சும் மாத்திரை போய்ச் சேரணும். பிரிச்சா சேரும். சரியா?

— ம்.

— இல்ல, அவருக்கு மாத்திரையில மருந்து இருந்துச்சு. அப்ப மாத்திரைதான் ஒதவாத வழி. ஒதவாத பொருளப் பாதியாப் பிரிச்சா யாருக்கு நஷ்டம்?

— யாருக்கும் இல்ல.

— எப்படிப் பாத்தாலும் நஷ்டமில்ல.

— ஆமா. கணக்கு சரியாத்தான் வருது. அதுதான் எனக்கு பயமா இருக்கு.

— பாய், எனக்கு நீங்க வேணும். உங்களுக்கு நான் வேணும். இந்த வார்டுல வேற யாரு இருக்கா நமக்கு, அந்தப் புது விரிப்பப் பாத்துக்கிட்டு ஒருத்தன் மட்டும் படுத்திருக்கணுமா?

— மிஸ்ஸி நின்னு பாக்குமே.

— வாயில போடுற மாதிரி போட்டு கையில வெச்சுக்குங்க. தண்ணிய மட்டும் குடிங்க. அது அடுத்த கட்டிலுக்குப் போற வரைக்கும்தான்.

— குமுதா நல்ல பொண்ணு தம்பி. அத ஏமாத்தணுமா?

— யாரையும் ஏமாத்தல பாய். மருந்து நம்ம ரெண்டு பேரு வயித்துக்குத்தானே போவுது.

— பேசாதீங்க. வருது.

— ரெண்டு அங்கிளும் என்னா ரகசியம்? நான் வந்ததும் நிறுத்திட்டீங்க.

— ஒண்ணுமில்ல மிஸ்ஸி. பாய் எனக்கு சேல வியாபாரம் சொல்லிக் குடுக்குறாரு. லோரி ஓட்டுறத விடப் போறேன்.

— முதல்ல நேராப் படுக்கக் கத்துக்குங்க. மெஷின் டியூப்பு மேல படுத்திருக்கீங்க பாருங்க. இந்தாங்க, மாத்திரை. கௌஸ் அங்கிள், இது உங்களோடது. தண்ணி இருக்கா?

— இருக்கும்மா. ரெங்கசாமி எப்படி இருக்காரு?

— ஆப்பரேஷன் முடிஞ்சு ஐசியூவுல இருக்காரு.

— நெசமா?

— பொய் சொல்லி எனக்கு என்னா கெடைக்கப் போவுது அங்கிள்?

— அவருக்கு எதும்மா குடுத்தீங்க? மெஷின்ல இருந்துச்சா, இல்ல…

— திரு அங்கிள் கேக்கச் சொன்னாரா? எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது. ரெண்டு பேருக்கும் ஒண்ணு சொல்றேன். குடுக்குறத அப்படியே சாப்புடுங்க, நல்லாப் படுங்க, எது வந்தாலும் ஒடனே என்னைக் கூப்புடுங்க. மத்ததெல்லாம் எங்க வேலை. ஓகேவா? முழுங்கியாச்சா?

— ஆச்சு மிஸ்ஸி.

— ஆச்சும்மா.

— குட். நான் அந்தப் பக்கம் டிரிப் மாத்திட்டு வரேன்.

— போயிடுச்சா?

— போயிடுச்சு. 'ஆச்சும்மா'ன்னு சொன்னேன் தம்பி. என் மக வயசு அதுக்கு.

— கைய நீட்டுங்க பாய். நெயில் கட்டர் இருக்கு.

— நகம் வெட்டுறத வெச்சா?

— தொடைச்சுட்டேன் லா. புடிங்க, வழுக்குது. இந்த மேல்தோலு ரொம்பக் கெட்டி. ம். ஒடைஞ்சிடுச்சு. பாருங்க, உள்ள வெள்ளையா இருக்கு.

— ரெண்டும் வெள்ளையாத்தான் இருக்கு.

— இது உங்க பாதி. இது என் பாதி. சாப்புடுங்க.

— பிஸ்மில்லா.

— முருகா.

*

— பாய், இந்தப் பக்கம் திரும்புங்களேன். விடிஞ்சதுலேர்ந்து பேச மாட்டேங்குறீங்க.

— பேசத் தெம்பில்ல தம்பி.

— காலையில பிரிச்ச மாத்திரையப் போட்டீங்கதானே?

— போட்டேன். நேத்து மத்தியானம் போட்டேன், ராத்திரி போட்டேன், இப்பவும் போட்டேன். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கசப்பு கூடுற மாதிரி இருக்கு.

— ஒடைச்சதால கசக்குது.

— முன்ன ருசியே இல்லன்னு சொன்னோமே. இந்தக் கசப்பு எங்கேர்ந்து வருது?

— மருந்துன்னா கசக்கத்தான் செய்யும். கசந்தா நல்லதுதான். கஞ்சி குடிச்சீங்களா?

— மூடி வெச்சுட்டேன். எறங்கல. மிஸ்ஸி ஊசி போட வந்தப்ப குடிச்சுட்டேன்னு சொன்னேன்.

— எதுக்குப் பொய் சொன்னீங்க?

— ஒரு பொய் சொன்ன வாய்க்கு அடுத்தது சுளுவா வந்துடுது. நீங்க மட்டும் என்ன, முழிச்சுக்கிட்டே கெடக்குறீங்க. வெளுத்துப் போய்த்தான் இருக்கீங்க.

— நான் பொறந்ததுலேர்ந்து கறுப்பு பாய். நான் எங்க வெளுக்குறது?

— தம்பி.

— ம்.

— எனக்கு வேர்க்குது. ஃபேன் ஓடுதா?

— ஓடுது பாய். நல்லாத்தான் ஓடுது.

— கை கால் எல்லாம் உதறுது. காது அடைக்குது. மஹ்ஜபீன் வந்துட்டாளா?

— பார்வையாளர் நேரம் இன்னும் வரல. பாய்? பாய், என்னைப் பாருங்க. நான் மிஸ்ஸியக் கூப்புடுறேன்.

— கூப்புடுங்க. ஆனா மாத்திரை விசயம் சொல்லாதீங்க. அந்தப் பொண்ணு நம்மள நம்பித்தான் திரும்பிப் போச்சு. அதுக்கு வேலை போயிடும்.

— பாய், அத அப்பறம் பாத்துக்கலாம்.

— சத்தியம் பண்ணுங்க.

— மிஸ்ஸி. மிஸ்ஸி, இங்க வாங்க. மிஸ்ஸி குமுதா.

— என்னாச்சு அங்கிள்? நீங்க ஏன் கட்டில விட்டு எறங்கி நிக்குறீங்க?

— எனக்கில்ல, பாய்க்கு. பாருங்க, சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு. கண்ணு மேல போவுது.

— கௌஸ் அங்கிள். அங்கிள், என் கையப் புடிங்க. புடிங்க. சிஸ்டர், டாக்டரக் கூப்புடுங்க, கட்டில் ஆறு. அங்கிள், நான் பேசுறது கேக்குதா?

— ரத்தம் உள்ள போவுதா மிஸ்ஸி?

— தள்ளி நில்லுங்க. கட்டில நகர்த்தணும். தள்ளுங்க அங்கிள்.

— மிஸ்ஸி, ஒரு நிமிஷம்.

— இப்ப முடியாது.

— இப்பவே சொல்லணும். பாய் சொல்லாதன்னாரு, ஆனா நான் சொல்லணும். நாங்க மாத்திரைய மாத்திச் சாப்புட்டோம்.

— என்னா?

— ஒடைச்சோம். என்னோடத பாதி, அவரோடத பாதி. நேத்துலேர்ந்து. ஒவ்வொரு வேளையும்.

— ஒடைச்சீங்களா?

— நெயில் கட்டர் வெச்சு.

— கடவுளே. அங்கிள், அந்த மாத்திரைய ஒடைக்கவே கூடாது. பாதி டோஸ் போனதுகூடப் பரவால்ல. அது மேல ஒரு பூச்சு இருக்கு, பளபளன்னு. அதுதான் அதுக்குக் கவசம். அது இல்லாட்டி வயித்துல இருக்கிற ஆசிட்டே மருந்த அழிச்சுடும். குடலுக்குப் போய்ச் சேரவே சேராது. ஒடைச்ச மாத்திரையும் ஒண்ணு, மாவும் ஒண்ணு.

— அப்ப… யாருக்கு மாத்திரையில மருந்து இருந்துச்சோ அவருக்கு?

— ஒண்ணுமே போகல.

— நேத்துலேர்ந்தா?

— வழி விடுங்க அங்கிள். டாக்டர்கிட்ட சொல்லணும். நீங்க கட்டிலுக்குப் போங்க. நடக்காதீங்க.

— பாய். பாய், நான்தான் சொன்னேன், நீங்க வேணாம்னுதான் சொன்னீங்க. பாய், காதுல விழுதா?

— அங்கிள், கட்டில விடுங்க. கைய எடுங்க.

*

— மிஸ்ஸி.

— எந்திரிக்காதீங்க. வந்துட்டேன்.

— போயிட்டாரா?

— யாரு?

— பாய். நீங்க கெளம்பிப் போயி எவ்வளவு நேரமாச்சு. அவரு எடத்துல கட்டிலே இல்ல, சும்மா தரை தெரியுது. கட்டிலத் திரும்பக் கொண்டாரல, நீங்க மட்டும் வந்திருக்கீங்க. சொல்லுங்க. மஹ்ஜபீன் அக்கா வர்ற நேரம், நான் அவங்க மூஞ்சியப் பாக்கணும். இப்பவே சொல்லிடுங்க.

— பாய் நல்லா இருக்காரு.

— என்னைத் தேத்தாதீங்க மிஸ்ஸி.

— தேத்தல. அவருக்கு சுகர் எறங்கிடுச்சு. இன்சுலின் ஊசியப் போட்டுக்கிட்டு கஞ்சி குடிக்கல. குடிச்சேன்னு எங்கிட்ட பொய் சொல்லியிருக்காரு. குளுக்கோஸ் ஏத்தினதும் கண்ணத் தொறந்துட்டாரு.

— கண்ணத் தொறந்தாரா?

— தொறந்து மொதக் கேள்வியே, 'அந்த லோரிக்காரத் தம்பி பயந்து போயிருப்பாரே, ஒரு வார்த்த சொல்லுங்க'ன்னு.

— அப்படியா கேட்டாரு?

— அப்படித்தான் கேட்டாரு.

— ரத்தம்?

— இல்ல. எதுக்கும் இருக்கட்டும்னு டாக்டர் மறுபடியும் கேமரா விட்டுப் பாத்தாரு. புண்ணு நல்லா மூடியிருக்கு. ஒரு கசிவு இல்ல.

— ஒடைச்ச மாத்திரை? அவருக்கு ஒண்ணுமே போகலன்னீங்களே.

— யாருக்கு எதுன்னு தெரிஞ்சே ஆகணும்னு நெருக்கடி வந்தா கம்ப்யூட்டரத் தொறந்து பாக்கலாம். அப்படி ஒரு விதி இருக்கு. டாக்டர் பிரவின் தொறந்து பாத்துட்டாரு. கௌஸ் அங்கிளுக்கு மருந்து மெஷின்லதான் இருந்துச்சு. நிக்காம ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அவரோட மாத்திரைதான் மாவு.

— மாவா?

— மாவுதான்.

— அப்ப நான் பாய ஒண்ணும் பண்ணிடல.

— பண்ணல அங்கிள்.

— நான் இங்க படுத்துக்கிட்டு மஹ்ஜபீன் அக்காகிட்ட என்னா சொல்றதுன்னு ஒத்திகை பாத்துக்கிட்டிருந்தேன். எந்த வார்த்தையில ஆரம்பிச்சாலும் 'நான் கொன்னுட்டேன்'லதான் போய் முடியுது. மாவு. மாவப் போயி நகவெட்டி வெச்சு, கைய மறைச்சுக்கிட்டு, திருடனுங்க மாதிரி… சிரிப்பு வருது மிஸ்ஸி. நீங்க ஏன் சிரிக்கல?

— அங்கிள், மல்லாந்து படுங்க.

— பாய எப்பக் கொண்டாருவீங்க? அவரு கட்டில இன்னும் கொஞ்சம் கிட்ட போடுங்க.

— படுங்க. கால மேல தூக்கி வெக்குறேன். டாக்டர் மேல வந்துக்கிட்டிருக்காரு. ரத்தப் பாட்டிலுக்கும் சொல்லியாச்சு.

— யாருக்கு ரத்தம்?

— கைய நேரா நீட்டுங்க. இந்தக் கையில இன்னொரு ஊசி போடணும்.

— மிஸ்ஸி, ரத்தம் யாருக்கு?

— டாக்டர் உங்களோடதையும் தொறந்து பாத்தாரு. உங்க மெஷின்ல ஓடுறது உப்புத் தண்ணி.

— ம்.

— உங்களுக்கு மாத்திரைதான் மருந்து. நேத்து மத்தியானத்துலேர்ந்து நீங்க ஒடைச்சதெல்லாம்… இந்த மெஷின்ல இப்ப நிஜ மருந்த மாத்திப் போடுறேன். ஆடாதீங்க.

— எனக்கு ஒண்ணும் இல்லையே. நான் நல்லாத்தானே பேசிக்கிட்டிருக்கேன்.

— உங்க நாடி எப்படி ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியுதா? காலையில நான் கேட்டப்ப வெளிய போனது சாதாரண நெறம்தான்னு சொன்னீங்க. நானும் நம்பி எழுதிக்கிட்டேன். இப்ப மறுபடியும் கேக்குறேன். கறுப்பாப் போச்சா? தார் மாதிரி? உள்ள ரத்தம் கசிஞ்சா அப்படித்தான் போகும்.

— மலர் வர்ற நேரம் மிஸ்ஸி.

— அங்கிள், என்னைப் பாத்து சொல்லுங்க. என்னா நெறம்?

— டாய்லெட்ல லைட்டப் போடல மிஸ்ஸி. நேத்துலேர்ந்தே போடல.